மூன்றாம் வருஷத்தையும் முடித்துவிட்டு வா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிடுகிறது, அதனால்தான் காகிதம். அம்மா அனுப்பிய பருப்புப்பொடி வந்து சேர்ந்ததா? டப்பா மூடி சரியில்லை என்று அன்றைக்கே சொன்னேன், கேட்கவில்லை.

டெல்லியில் பி.ஏ.வை இரண்டாம் வருஷத்தோடு விட்டுவிட்டு, இங்கே மும்பை அந்தேரியில் ஒரு வருஷ நடிப்புப் பயிற்சியில் சேரப்போகிறேன் என்கிறாய். ஃபீஸ் நாலு லட்சம். நடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடைக்கு வருகிறவர்களில் யார் எப்படிச் சட்னி கேட்பார்கள் என்று ஆறு வயதிலேயே நடித்துக் காட்டியவள் நீ.

ஆனால் வெர்சோவாவில் இருபது வருஷமாக இட்லி விற்கிறேன். தாராவியிலிருந்து அண்டாவோடு மாஹிம் ஸ்டேஷன் போய் முதல் லோக்கல் ரயிலைப் பிடிக்கிறவனுக்கு சினிமாவைப் பற்றி என்ன தெரியும் என்று நினைக்காதே. ஆராம் நகர்ச் சந்துகளில் ஆடிஷனுக்கு அலைகிற பிள்ளைகள் காலையில் முதலில் வருவது என்னிடம்தான். இஸ்திரி போட்ட சட்டை பைக்குள் இருக்கும், கசங்கினது மேலே இருக்கும். ஒரு தட்டு இட்லிக்கு மூன்று முறை சாம்பார் வாங்குவார்கள். சம்பளம் வரும்போது தருகிறேன் அண்ணா என்பார்கள். என் பற்று நோட்டில் பாதி அவர்கள்தான்.

அந்த நோட்டை வைத்துச் சொல்கிறேன், படித்தவன் ஜெயித்தான், படிக்காதவன் ஊருக்குப் போனான் என்று கணக்குப் போட முடியாது. டெல்லி நாடகப் பள்ளியில் மூன்று வருஷம் படித்த ஒருவன் நாலு மாசப் பாக்கியை ஒரே நாளில் தீர்த்தான். அதே பள்ளியில் படித்த இன்னொருவன் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டான். ஆனால் ஒன்று கவனித்தேன். வேலை இல்லாத நாளில் என்ன செய்வது என்று அந்தப் பள்ளிக்காரர்களுக்குத் தெரிகிறது. பெஞ்சில் உட்கார்ந்து எதையாவது வாய்விட்டு வாசிப்பார்கள், நாலு பேர் சேர்ந்து நாடகம் போடுவார்கள். மற்றவர்கள் போனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அவர்களிடமே விசாரித்தேன். நீ இருக்கிற டெல்லியிலேயே, மண்டி ஹவுஸ் பக்கம் பகவான்தாஸ் சாலையில் இருக்கிற தேசிய நாடகப் பள்ளிக்கு டிகிரி வேண்டுமாம். மேடையில் நடித்த அனுபவமும் கேட்பார்களாம். சேர்ந்துவிட்டால் மூன்று வருஷமும் அவர்களே மாசாமாசம் உதவித்தொகை தருகிறார்கள். புனே திரைப்படக் கல்லூரி நடிப்புப் படிப்புக்கும் டிகிரி. இங்கே கலினாவில் மும்பைப் பல்கலைக்கழகம் நடத்துகிற நாடகப் படிப்பும் எம்.ஏ. மாதிரிதான், டிகிரி இல்லாமல் நுழைய முடியாது. நீயோ டிகிரியா நடிப்பா என்று கேட்கிறாய். நல்ல இடம் எல்லாம் இரண்டையும் கேட்கிறதே அம்மா.

இரண்டு வருஷத்தோடு வந்தாலும் டிப்ளமா தருவார்கள் என்றாய். அது டிகிரி இல்லை. உங்கள் படிப்பு நாலு வருஷமாக ஆனாலும் மூன்றாம் வருஷ முடிவில் டிகிரியோடு வெளியே வரலாம் என்று நீதானே சொன்னாய்? இன்னும் இரண்டே செமஸ்டர். நாலாவது வருஷம் வேண்டாம், நான் கேட்கவும் மாட்டேன்.

சிவாஜி எந்தக் காலேஜில் படித்தார் என்று கேட்பாய், தெரியும். சின்ன வயதில் நாடகக் கம்பெனியில் போய்ச் சேர்ந்தவர். முதல் படம் வந்த 1952-ல் அவருக்கு 24 வயது. அதற்கு முன்னால் எத்தனை வருஷம் மேடையிலேயே சாப்பிட்டு மேடையிலேயே தூங்கியிருக்கிறார்! அது ஒரு வருஷப் பயிற்சியா? இந்தி நடிகர் நவாசுதீன் சித்திக்கி கெமிஸ்ட்ரி டிகிரி முடித்து, நாடகப் பள்ளியை 1996-ல் முடித்தவர். அதற்கப்புறமும் பத்து வருஷத்துக்கு மேல் துண்டு வேஷம். நம் ராஜபாளையத்து விஜய் சேதுபதி பி.காம். சென்னையில் கூத்துப்பட்டறை நாடகக் குழுவுக்குள் கணக்கு எழுதுகிறவராகத்தான் போனார். கணக்கு தெரிந்ததால் கதவு திறந்தது, உள்ளே போனதும் நடிப்பைப் பார்த்தார். வரலாறு படிப்பதால் என்ன வரும் என்று அலுத்துக்கொள்கிறாயே, எந்தக் கதவுக்கு எந்தச் சாவி என்று யார் கண்டது?

மூன்றாம் வருஷத்தில் காலேஜ் நாடகக் குழுவை விடாதே. இந்தியையும் சரிபண்ணு. நம் தாராவி இந்தியை வைத்துக்கொண்டு அந்தப் பள்ளியில் நின்றால் சிரிப்பார்கள். கிடைக்காமலும் போகலாம், இடம் கொஞ்சம்தான். கிடைக்காவிட்டால் மறு வருஷமும் முயற்சி பண்ணு.

பணத்துக்கு யோசிக்காதே. சீட்டு எடுத்து நாலு லட்சத்தைத் தனியாக வைத்திருக்கிறேன், அம்மாவுக்கும் தெரியும். அதை ஃபீஸாகக் கட்ட மாட்டேன். படித்து முடித்து நீ இங்கே வந்து வேலைக்கு அலைகிற இரண்டு மூன்று வருஷத்துக்கு அது உன் சாப்பாடு, ரயில் பாஸ். எவனுடைய பற்று நோட்டிலும் உன் பெயர் வரக்கூடாது, என் நோட்டில்கூட. நம் கடையில் சாப்பிட்டால் தட்டைக் கழுவிவிட்டுப் போ, அவ்வளவுதான்.

தீபாவளிக்கு பஸ்சிம் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிட்டாயா? வெயிட்டிங் லிஸ்ட் என்றால் இன்றைக்கே சொல்.

அன்புடன்,
அப்பா