த்வோர்ஷாக்கின் வீட்டுக் கச்சேரிகளை விட்டுவிட்டீர்களே

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மேலை இசைக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று முழுப் பக்கம் ஒதுக்குவதே பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரை 'புதிய உலகம்' சிம்பொனியில் ஆரம்பித்து, 1893 டிசம்பரில் நியூயார்க் கார்னகி ஹாலில் அது அரங்கேறியதோடு முடிந்துவிட்டது. அவருடைய பியானோ இசைக்கு ஒரே ஒரு வரி, அதிலும் ஒரு தப்பு. ஹ்யூமரெஸ்க் என்னும் சின்ன பியானோ உருப்படிகளை அமெரிக்காவில் எழுதியதாகப் போட்டிருந்தீர்கள், அங்கே எழுதியது அல்ல. அங்கே நோட்டில் குறித்துவைத்திருந்த மெட்டுகளைக் கையோடு கொண்டுவந்து, 1894 கோடை விடுமுறையில் செக் பகுதியான பொஹீமியாவின் வீஸோகா கிராமத்து வீட்டில் உட்கார்ந்து எழுதினார். மொத்தம் எட்டு உருப்படி, ஊரெல்லாம் தெரிந்தது ஏழாவது மட்டும்.

அந்த ஏழாவதுதான் என்னையும் இதற்குள் இழுத்துவிட்டது. என் மகள் கீபோர்டு வகுப்புக்காக அதைப் பழகிக்கொண்டிருந்தாள், தினமும் சாயங்காலம், அதே நாலு வரி, அதே இடத்தில் தடுக்கல், இப்படியே மூன்று மாதம். அவளுக்குக் கொடுத்திருந்தது ஜி மேஜர் சுரவரிசையில் எளிதாக்கிய பிரதி, மூலத்தில் ஆறு ஃபிளாட் (சுரத்தை அரைப்படி இறக்கும் குறி) இருக்கிறது, விரல் கறுப்புக் கட்டைகளிலேயே கிடக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல், மீதி ஏழும் எப்படித்தான் இருக்கிறது பார்ப்போம் என்று தேடிக் கேட்டேன். ஈ ஃபிளாட் மைனரில் முறுக்கிக்கொண்டு ஆரம்பிக்கும் முதலாவதைக் கேட்டதும், இதே ஆளா அதையும் எழுதினார் என்று தோன்றியது.

சரி, ஆர்வம் வந்துவிட்டதே என்று நேராகப் பெரிய உருப்படிக்குப் போனது என் தப்பு. எஃப் மைனர் பியானோ ட்ரையோ, அதாவது பியானோ, வயலின், செல்லோ (பெரிய வயலின் மாதிரி, தாழ்ந்த குரல்) மூன்றும் சேர்ந்தது, ஓபஸ் (படைப்பு வரிசை எண்) 65. தாயார் இறந்து சில வாரங்களில், 1883இன் தொடக்கத்தில் எழுதியது, நாற்பது நிமிடம் போகும். இரண்டாவது பகுதி தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன். கர்நாடக சங்கீதம் கேட்டே வளர்ந்த காதுக்கு இது எங்கே போய் எங்கே திரும்புகிறது என்று பிடிபடவில்லை. நமக்கு ஒரு பாட்டு, அடியில் சுருதி, பக்கத்தில் அதை ஒட்டியே வரும் வயலின். இங்கே மூன்று பேரும் மூன்று பாதையில் போகிறார்கள், யார் பின்னால் போவது?

என்னைக் காப்பாற்றியது ஆர்மோனியம்! ஓபஸ் 47, பகடெல் என்னும் ஐந்து குட்டி உருப்படிகள், இரண்டு வயலின், ஒரு செல்லோ, ஒரு ஆர்மோனியம். செக் தலைநகர் பிராகாவில் ஒரு நண்பர் வீட்டில் அடிக்கடி கூடி வாசிப்பார்களாம், அந்த வீட்டில் பியானோ கிடையாது, ஆர்மோனியம்தான் இருந்தது. அதனால் 1878இல் அதற்கென்றே எழுதிவிட்டார். அது காலால் மிதித்துக் காற்றடிக்கும் பெட்டி, நம் பஜனை மடத்துக் கைப்பெட்டி மாதிரி இல்லை. ஆனாலும் முதல் பகடெலில் அது மெல்ல மூச்சுவிட ஆரம்பித்தவுடனே எனக்கு வழி தெரிந்துவிட்டது, காதுக்குச் சாய்ந்துகொள்ள ஒரு இடம் கிடைத்த மாதிரி. பேக்பைப் வாசிப்பதைப் பற்றிய ஒரு செக் நாட்டுப்பாட்டின் மெட்டு முதலாவதில் வரும், மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் திரும்ப வரும், அதைப் பிடித்துக்கொண்டால் போதும். நாலாவது ஒரு கேனன், ஒரு கருவி சொன்னதையே இன்னொன்று கொஞ்சம் தள்ளி வந்து சொல்லும். அதில்தான் ஒரு வித்தை கற்றுக்கொண்டேன். ஒரு தடவை செல்லோவை மட்டும் கேட்பது, மறுதடவை முதல் வயலினை மட்டும், அப்புறம் எல்லாவற்றையும் சேர்த்து. ஐம்பது அறுபது பேர் வாசிக்கும் சிம்பொனியில் புது ஆளால் இதைச் செய்ய முடியாது. நாலு பேர் என்றால் முடியும், அதனால்தான் புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு அவருடைய சின்ன உருப்படிகளைத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

இதைவிட எனக்குப் பிடித்த கதை 1887 ஜனவரியில் நடந்தது. அவர் குடியிருந்த அதே கட்டடத்தில் வேதியியல் படிக்கும் மாணவர் ஒருவர் வாடகைக்கு இருந்தார், அவருக்கு வயலின் சொல்லிக்கொடுக்க நாடக அரங்க வாத்தியக் குழுவிலிருந்து ஒரு வாத்தியார் வருவார். இரண்டு வயலின் தயார். த்வோர்ஷாக் வாலிபத்தில் ஒரு நாடக அரங்கில் வருஷக்கணக்கில் வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது) வாசித்தவர், நாமும் சேர்ந்துகொள்ளலாமே என்று மூன்று பேருக்கும் டெர்செட்டோ என்ற மூவர் உருப்படியை, ஓபஸ் 74, ஒரே வாரத்தில் எழுதி முடித்தார். வாசித்துப் பார்த்தால் மாணவருக்குக் கை வரவில்லை! உடனே எளிதாக நாலு உருப்படி எழுதினார், அதையே அந்த மாதமே வயலினுக்கும் பியானோவுக்கும் மாற்றினார். ஓபஸ் 75 என்று இன்று வயலின்காரர்கள் வாசிக்கும் 'ரொமான்டிக் பீசஸ்' அதுதான். நாலாவதைக் கேட்டுப் பாருங்கள். வயலின் பெரிதாக ஒன்றும் பாடாது, இரண்டு மூன்று சுரத்தில் ஒரு விம்மல், ஒரு இடைவெளி, மறுபடி அதே விம்மல், அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டால் என்னால் அடுத்த உருப்படிக்குப் போக முடிவதில்லை.

பியானோவுக்கு எழுதியவற்றை யாரும் மதிப்பதில்லை, அவர் பியானோக்காரர் இல்லை, கைக்கு வசதியாக எழுதத் தெரியாது என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு, சில இடங்களில் வாத்தியக் குழுவுக்கு எழுதியதைப் பத்து விரலில் திணித்தது போல இருக்கும். ஆனால் 1889இல் எழுதிய ஓபஸ் 85, 'கவித்துவச் சித்திரங்கள்' பதின்மூன்றையும் நார்வே பியானோக் கலைஞர் லைஃப் ஊவெ ஆன்ட்ஸ்னெஸ் 2022இல் வெளியிட்ட பதிவில் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள். நான் தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில் கேட்பேன், முழுத் தொகுப்பும் ஏறக்குறைய போகிற நேரத்துக்குள் முடிந்துவிடும் (அவரும் ரயில் பைத்தியம், பிராகா ஸ்டேஷனில் போய் எஞ்சின் பார்த்துக்கொண்டு நிற்பாராம்). கடைசியில் வரும் 'புனித மலையில்', வீஸோகாவுக்குப் பக்கத்தில் இருக்கும் மலைக்கோயிலைப் பற்றியது.

எஃப் மைனர் ட்ரையோவுக்கு ஆறு மாதம் கழித்துத் திரும்பப் போனேன், இந்தத் தடவை தூங்கவில்லை. அவருடைய இன்னொரு பியானோ ட்ரையோவான டும்கியை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அழுதுகொண்டிருந்தவர் திடீரென எழுந்து ஆடுவது போல ஆறு தடவை மாறும், அந்த மாற்றம் எனக்கு இன்னும் பழகவில்லை.

ஆசிரியருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது உருப்படியின் பெயரோடு ஓபஸ் எண்ணையும் போடுங்கள். 'த்வோர்ஷாக் ட்ரையோ' என்று தேடினால் நாலு வருகிறது, எதைக் கேட்பது என்று தெரியாமல் நான் திண்டாடியது போதும். ஹ்யூமரெஸ்க் பற்றிய திருத்தத்தையும் முடிந்தால் போட்டுவிடுங்கள், மகள் அந்தக் கட்டுரையை வெட்டி நோட்டில் ஒட்டிவைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தாம்பரம்