பூட்டிய அலமாரிக்குள் வகுப்பறை நூலகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வகுப்பறைகளில் சிறுவர் நூலகம் அமைப்பதற்காக நூல்கள் நன்கொடையாக வழங்கப்படும் செய்திகளை நாளிதழ்களில் அவ்வப்போது காண்கிறோம். வரவேற்கத்தக்க முயற்சிதான். ஆனால் அந்த நூல்கள் வந்து இறங்கிய பிறகு அவற்றுக்கு என்ன நேர்கிறது என்பதைத் தொடக்க வகுப்பு ஆசிரியர் என்ற முறையில் நன்கு அறிந்திருப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். பல இடங்களில் அவை முத்திரை குத்தப்பட்டு, எண்ணிடப்பட்டு, இருப்புப் பதிவேட்டில் ஏறியதும் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் சென்றுவிடுகின்றன. இதை ஆசிரியரின் ஆர்வக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. ஒரு நூல் குறைந்தாலும் தணிக்கையின்போது அவரே பதில் சொல்ல வேண்டும், சில வேளைகளில் விலையையும் கட்ட வேண்டும் என்ற நிலை இருக்கும்வரை, பூட்டி வைப்பதைத்தான் யாரும் செய்வார்கள்.

இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டிற்கே என்பதாகும். அதை விளக்கப் புகுந்தவர், முற்காலத்தில் நூல்களை அலமாரியோடு சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த வழக்கத்தைச் சுட்டிக்காட்டியே தொடங்குகிறார். கையால் படியெடுத்த ஏடுகளுக்கு அத்தகைய காவல் தேவைப்பட்டிருக்கலாம். பதினாறு பக்கப் படக்கதை நூலுக்கு அது எதற்கு?

ஏழு வயதுக் குழந்தையின் கை எட்டும் உயரத்தில், முன்னட்டை தெரியும்படி நூல்களை நிறுத்தி வைப்பதுதான் முதல் வேலை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தை நூலின் முதுகில் நெருக்கி அச்சிட்ட தலைப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. அட்டைப் படம்தான் அதை அழைக்கிறது. விலங்குகள், வேடிக்கைக் கதைகள், எப்படி இயங்குகிறது என்று சொல்லும் நூல்கள் என நான்கைந்து கூடைகளாகப் பிரித்து, கூடைக்கும் நூலுக்கும் ஒரே நிற ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டால், எடுத்த இடத்தில் திருப்பி வைக்கக் குழந்தைகள் தாமே பழகிக்கொள்வார்கள். பெரிய நூலகங்களில் பொருள்வாரியாக எண்ணிட்டு நூல்களை அடுக்கும் தசமப் பகுப்பு முறையை மூன்றாம் வகுப்பு வரை கொண்டுவர விரும்புவோரும் உண்டு. அவர்களின் ஆர்வத்தைப் பாராட்டி அந்த யோசனையை ஒதுக்கிவிடலாம்.

நூல் தேர்வில்தான் அதிகக் கவனம் வேண்டும். வீட்டில் இடத்தை அடைக்கிறது என்று கொடுக்கப்படும் பழைய வழிகாட்டிகளும் பெரியவர்களுக்கான நாவல்களும் எண்ணிக்கையைக் கூட்டுமே தவிர ஒரு வாசகரையும் கூட்டா. தமிழில் எழுத்துகள் 247 என்பதை நாம் பெருமையோடு சொல்கிறோம். அவற்றைக் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தைக்குப் பக்கத்திற்கு ஓரிரு வரிகளும், பெரிய எழுத்தும், பிரித்து எழுதிய சொற்களும் கொண்ட நூல்கள் தேவை. 'போய்க்கொண்டிருந்தபொழுது' என்று ஒரே மூச்சில் நீளும் சொல்லில் கதை அங்கேயே நின்றுவிடுகிறது. எழுத்தே இல்லாத படநூல்களும், உரையாடலில் பேச்சுத் தமிழைத் தயங்காமல் பயன்படுத்தும் நூல்களும் கட்டாயம் இருக்க வேண்டும். குழந்தைகள் மிகவும் விரும்பும் நூல்களில் இரண்டு மூன்று படிகள் இருந்தால் நண்பர்கள் சேர்ந்து படிப்பார்கள். ஒரு பக்கத்தைப் படிக்கும்போது தெரியாத சொல் வரும்தோறும் ஒரு விரலை மடக்கி, ஐந்தும் மடங்கினால் அந்த நூல் இப்போதைக்குக் கடினம் என்று கொள்ளும் எளிய முறை ஒன்று பல வகுப்பறைகளில் வழங்குகிறது. குழந்தை தானே பார்த்துக்கொள்ள அது உதவும். ஆனால் படம் பார்க்கும் ஆசையில் டைனோசர் கலைக்களஞ்சியத்தைத் தூக்கிவரும் சிறுவனின் கையிலிருந்து அதைப் பிடுங்குவதற்கு அந்த விரல்களைப் பயன்படுத்தக் கூடாது. படித்து முடித்ததும் கதைச் சுருக்கம் எழுதச் சொல்வதும் இதே வகைத் தவறுதான்; நூலைத் தொட்டால் வீட்டுப்பாடம் வரும் என்று குழந்தை புரிந்துகொள்ள வெகு நாள் ஆகாது.

நாள்தோறும் இருபது நிமிடம் விருப்ப வாசிப்புக்கு ஒதுக்கி, அந்த நேரத்தில் ஆசிரியரும் ஒரு நூலைக் கையில் எடுத்தால், நூலகம் நடக்கும். இரவல் குறிப்பேட்டை மாணவர்களே முறைவைத்து எழுதலாம். நூல்கள் வீட்டிற்கும் செல்ல வேண்டும். சென்றால் சில கிழியும், சில திரும்பி வராது. கிழிந்தவற்றை மெல்லிய தாளும் பசையும் கொண்டு ஒட்டலாம். ஒட்டுநாடா காலப்போக்கில் மஞ்சளாகிப் பசையைத் தாளில் இறக்கிவிடும். தொலைந்ததற்கு அபராதம் விதித்தால், வீட்டில் ஒரு நூலும் இல்லாத குழந்தைதான் முதலில் இரவல் வாங்குவதை நிறுத்தும். பூட்டியவை மட்டும் பத்திரமாக இருக்கின்றனவா என்றால் அதுவும் இல்லை. ஆள் தொடாத இருட்டும் ஈரமும் நூல்களை அரிக்கும் இராமபாணப் பூச்சிக்கு உகந்தவை.

ஆகவே, பள்ளி நிர்வாகங்களும் கல்வித்துறையும் வகுப்பறை நூல்களை மேசை நாற்காலியோடு சேர்த்து எண்ணாமல், சுண்ணக்கட்டியைப் போலப் பயன்படுத்தித் தீரும் பொருளாகக் கணக்கில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுதோறும் குறிப்பிட்ட பங்கு நூல்கள் கிழிந்தும் தொலைந்தும் போவதை எழுத்துப்பூர்வமாக அனுமதித்து, அந்த இழப்புக்கு ஆசிரியர் பொறுப்பல்லர் என்ற ஆணையையும் வழங்க வேண்டும். நன்கொடையாளர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. முழுத் தொகைக்கும் ஒரே நாளில் நூல் வாங்கிவிடாமல், பாதியை நிறுத்தி வையுங்கள். ஒரு பருவம் கழித்து எந்தக் கூடை காலியாகிறது, எது தூசி படிந்து கிடக்கிறது என்று குழந்தைகளிடமே கேட்டறிந்து மீதியைச் செலவிடுங்கள்.

இப்படிக்கு,
தொடக்க வகுப்பு ஆசிரியர் ஒருவர்