மணி மூன்றுக்கு ஓடும் மகளுக்கு

பாப்பா,

அம்மா அனுப்பிய பார்சல் வந்துவிட்டதா? நார்த்தங்காய் ஜாடிக்கு மூன்று சுற்று துணி சுற்றித்தான் வைத்தாள், உடைந்திருக்காது. வாட்ஸாப்பில் கேட்டால் நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் மெயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

இங்கே எல்லோரும் சுகம். ஐப்பசி மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. பெரியம்மா வீட்டுக் கிணறு விஷயம் அப்படியேதான் கிடக்கிறது. வேறு சேதியும் இருந்தது, மறந்துவிட்டது.

பொங்கலுக்கு வந்தபோது மாப்பிள்ளை என் போனில் அந்த ஓட்ட ஆப்பைப் போட்டுக் கொடுத்தாரே, தினமும் காலையில் காபியோடு அதைத்தான் பார்க்கிறேன். நீ டப்ளின் பீனிக்ஸ் பார்க்கில் ஓடும் பாதை எனக்கு மனப்பாடம். பங்குனியில் 5 கிலோமீட்டரை 34 நிமிடத்தில் ஓடியிருக்கிறாய், சராசரி நாடி 141. முப்பது வயதுக்கு மேல் மறுபடி ஓட ஆரம்பித்தவளுக்கு இது சாதாரணமில்லை, மைதானத்துக்கு வரும் பையன்களிடம் போனை நீட்டிக் காட்டினேன். போன வாரம் அதே 5 கிலோமீட்டர், 36 நிமிடம், நாடி 163. மெதுவாக ஓடியும் இதயம் கூடுதலாக அடிக்கிறது. வியாழக்கிழமை நீ ஓட்டத்தைத் தொடங்கிய நேரம் உங்கள் ஊர்க் கணக்கில் காலை 3:10. அந்த இருட்டில், அந்தக் குளிரில், தனியாக எதற்கு ஓட வேண்டும்? மாப்பிள்ளை உன் ஓட்டத்துக்கெல்லாம் முதல் ஆளாக லைக் போடுவார், ஆடிக்குப் பிறகு அதையும் காணோம். அவருக்கும் வேலை அதிகமாக இருக்கும்.

சரி, அதை விடு. ரத்தம் பார்த்தாயா? ஹீமோகுளோபின் குறைந்தால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கத்தான் செய்யும். தைராய்டையும் சேர்த்துப் பார். தூக்கம் கெட்டாலும், தண்ணீர் குடிக்காவிட்டாலும் நாடி ஏறும். காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழுவதற்கு முன்னால் நாடியை எண்ணி ஒரு நோட்டில் எழுதிவை. நான் சொல்லிக் கொடுத்தபடி 10 விநாடி எண்ணி ஆறால் பெருக்காதே, முழு நிமிடம் எண்ணு. 10 விநாடியில் ஒரு துடிப்பு தவறினால் கணக்கில் ஆறு தவறிவிடும்.

எனக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு வாரம் மூன்று நாள் உடற்பயிற்சிக்குப் போகிறேன் அல்லவா, அங்கே சுவரில் ஒரு அட்டை மாட்டியிருக்கிறார்கள். 6-இலிருந்து 20 வரை எண்கள். 6 என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது மாதிரி, 11 லேசு, 13 கொஞ்சம் கடினம், 15 கடினம், 17 மிகவும் கடினம், 20 என்றால் அதற்கு மேல் முடியவே முடியாது. சுவீடன்காரர் குன்னார் போர்க் உருவாக்கிய அளவுகோல் இது. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தபோதே இதைப் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். 6-இல் ஏன் தொடங்குகிறது என்றால், ஆரோக்கியமான இளம் வயதுக்காரர் சொல்லும் எண்ணோடு ஒரு பூஜ்யம் சேர்த்தால் அவருடைய நாடித்துடிப்பு ஏறக்குறைய வந்துவிடும், 13 என்றால் 130. ஐந்து மார்க் கேள்வி, முழு மார்க் வாங்கினேன். மைதானத்தில் ஒருநாள்கூடப் பயன்படுத்தியதில்லை. கையில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது, பிள்ளையின் மணிக்கட்டு இருக்கிறது, அவன் வாயைக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

இப்போது எனக்கு நாடியை அடக்கும் மாத்திரை. டிரெட்மில்லில் எவ்வளவு ஏற்றிவிட்டாலும் 100-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. அதனால் அந்த பிசியோ பெண் மிஷினைப் பார்ப்பதில்லை, என் முகத்தைப் பார்த்து "எவ்வளவு கஷ்டமா இருக்கு சார்?" என்றுதான் கேட்கும். முதல் நாள் 9 என்றேன். சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது, பேச்சு பாதியில் நிற்கிறது, நான் 9 என்கிறேன். மிஷினை நிறுத்திவிட்டு, "நீங்க சரியா சொல்லலேன்னா எனக்குத் தெரிய வேற வழியே இல்ல சார்" என்றது. உன்னைவிட வயதில் சின்னப் பெண். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வார்த்தைதான் ஓடிக்கொண்டிருந்தது. நீயும் என்னை மாதிரிதான், எப்போது கேட்டாலும் 9.

அதற்கப்புறம் இது பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 2009-இல் சாமுவேலே மார்கோரா என்பவரும் கூட இருந்தவர்களும் செய்த ஒரு ஆய்வு. 16 பேரை ஒருநாள் 90 நிமிடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, இம்மி கவனம் சிதறக்கூடாத ஒரு வேலையைக் கொடுத்தார்கள். இன்னொரு நாள் அதே 16 பேருக்கு அதே 90 நிமிடம் சும்மா ஆவணப்படம் போட்டுக் காட்டினார்கள். இரண்டு நாளும் முடிந்த கையோடு சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள், முடியாமல் போகும் வரை. படம் பார்த்த நாளில் சராசரியாக 754 விநாடி மிதித்தவர்கள், மூளை களைத்த நாளில் 640 விநாடியில் நின்றுவிட்டார்கள். இதயத்துடிப்பையும், தசை உழைக்கும்போது ரத்தத்தில் சேரும் லாக்டேட்டையும் அளந்து பார்த்தால், நின்றதற்குக் காரணம் சொல்லும்படி எதுவும் இல்லை. கால் அதே கால்தான். ஆனால் ஆரம்பத்திலிருந்தே அவர்கள் சொன்ன சிரம எண் மட்டும் உயரத்தில் இருந்தது, தாங்க முடியாத எண்ணுக்குச் சீக்கிரம் வந்து சேர்ந்துவிட்டார்கள். மனசு களைத்தவருக்கு அதே மேடு செங்குத்தாகிவிடுகிறது. இதை மூன்று தடவை படித்தேன் பாப்பா. பள்ளிக்கூடத்தில் 31 வருஷம் எத்தனை பிள்ளைகளை "நடிக்கிறான்" என்று சொல்லியிருப்பேன்.

ரத்தம் பார்த்துவிடு. வேலை அதிகம் என்று தள்ளிப்போடாதே. உன் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் நீ யாரையும் அண்டி நிற்க வேண்டியதில்லை, அந்த விதத்தில் எனக்குக் கவலையே இல்லை. ஆனால் மூன்று வாரமாக அம்மாவிடம் வீடியோவை ஆன் பண்ணாமலே பேசுகிறாய். கேமரா ரிப்பேர் என்று அம்மா நம்பிவிட்டாள். ஆபீஸ் மீட்டிங்குக்கு மட்டும் அந்தக் கேமரா எப்படி வேலை செய்கிறது? பெற்றவர்களிடம் இப்படியா?

திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று இதோ எழுதும்போதே தோன்றுகிறது.

2006, அன்னை சத்யா மைதானம், 3000 மீட்டர். அன்று காலை இரண்டு சுற்று வார்ம்அப் ஓடிவிட்டு வந்து, "முடியலப்பா, உடம்பெல்லாம் கனமா இருக்கு" என்றாய். பத்து நிமிடம் உட்காரவைத்து மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன், 78. "நாடி அருமையா இருக்கு, மனசுதான் பயப்படுது, போ" என்றேன். நீ இரண்டாம் தடவை சொல்லவில்லை. ஏழரைச் சுற்றும் ஓடினாய், நாலாவதாக வந்தாய், வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாய். மறுநாள் 103 டிகிரி. டைபாய்டு என்று தெரிய ஐந்து நாள் ஆயிற்று. காய்ச்சல் ஏறினால் நாடியும் கூடவே ஏற வேண்டும், டைபாய்டில் பல நேரம் அந்த அளவுக்கு ஏறாது என்று டாக்டர்தான் எனக்குச் சொன்னார். உடம்பு அன்றைக்கு நாடியில் சொல்லாததை நீ வாயால் சொன்னாய். நான் நாடியை நம்பினேன்.

தப்பு அதோடு நிற்கவில்லை. காய்ச்சலோடு ஓடி நாலாவது வந்த பிள்ளை என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன், உன் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடம்கூட. நீ பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாய். அதற்கப்புறம் பதினைந்து வருஷம் நீ ஓடவே இல்லை, ஏன் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. முடியவில்லை என்று என்னிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை என்பதை உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். மன்னித்துக்கொள் பாப்பா. இதைப் போனில் சொல்ல எத்தனையோ தடவை முயன்றேன், நீ குரல் கொடுத்ததும் "சாப்பிட்டாயா" என்றுதான் வருகிறது.

இப்போதும் 141, 163 என்று உன் மணிக்கட்டைத்தான் எட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், எட்டாயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கமிருந்து. இந்தக் கடிதத்தை அனுப்பிவிட்டு அந்த ஆப்பை எடுத்துவிடுகிறேன். நீ எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் ஓடு. வெளிச்சம் உள்ள பாதையாகப் பார்த்து ஓடு.

உடனே பதில் எழுத வேண்டியதில்லை. பயிற்சி முடிந்து அரைமணி நேரம் கழித்து, மூச்செல்லாம் அடங்கிய பிறகு, மொத்தத்தில் எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று கேட்கும் ஒரு முறையும் இருக்கிறது. விளையாட்டு வீரர்களிடம் கார்ல் ஃபாஸ்டர் என்ற அமெரிக்கர் அப்படித்தான் கேட்டார். கடைசி நிமிடத்து வலி மட்டுமே பதிலாகிவிடக்கூடாதே என்பதற்காக. அதுபோல நீயும் நேரம் எடுத்துக்கொள். காரணமெல்லாம் எழுத வேண்டாம், யார் என்ன சொன்னார்கள் என்றும் வேண்டாம். 6-க்கும் 20-க்கும் நடுவில் ஒரு எண் மட்டும் அனுப்பு. நீ சொல்லும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வேன், கையைப் பிடித்துப் பார்க்க மாட்டேன்.

அம்மாவுக்கும் எனக்கும் பாஸ்போர்ட் 2031 வரை இருக்கிறது, நேற்றுதான் எடுத்துப் பார்த்தேன். இங்கே உன் ரூமில் கட்டிலும் அப்படியேதான் கிடக்கிறது, நீ வந்தாலும் சரி.

ரத்தம் மட்டும் பார்த்துவிடு.

அப்பா