கல்லடியிலிருந்து றிஸ்வானுக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் றிஸ்வான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. பட்டறையில் மெசின் நின்றுபோனதால்தான் பதில் எழுதப் பிந்திவிட்டது. உனக்கு ஒரு உற்பத்தி லைனின் முழுப் பொறுப்பும் கிடைத்ததை வாசித்தவுடன் அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். "எங்கட வீட்டுச் சோறு திண்ட பொடியன்" என்று அவவுக்குப் பெரிய சந்தோசம். வாப்பாவின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? அடுத்த கிழமை மருதமுனைக்குப் போகும் வேலை இருக்கிறது, கட்டாயம் எட்டிப் பார்ப்பேன்.

நாற்பது பேரை வைத்து எப்படி வேலை வாங்குவது என்று கேட்டிருந்தாய். என் பட்டறையில் ஆறு பேர்தான். இருந்தாலும் இந்த மூன்று கிழமையில் பட்டதை உனக்கு எழுதத்தான் வேண்டும்.

ஒரு கோயிலுக்குத் தேக்கங் கதவு செய்துகொண்டிருந்தோம். தாமரை செதுக்குவது கம்பியூட்டர் சொல்கிறபடி வெட்டும் சி.என்.சி. மெசினின் வேலை. இரண்டாவது கதவில் வட்டம் வட்டமாக வரவில்லை, முட்டை மாதிரி நீண்டிருந்தது. நல்ல பலகை பாழ். எங்கள் மூத்த தச்சர் ஓடாவியார் பார்த்துவிட்டு, மெசினில் நிற்கும் பொடியன் மரத்தைச் சரியாக இறுக்கவில்லை என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. எல்லாருக்கும் முன்னால் அவனை ஏசிவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த பலகையிலும் அதே முட்டை. பிறகுதான் மெசினைக் கழற்றினோம். வெட்டும் தலை றெயிலின் மேல் ஓடுகிறதல்லவா, அந்த றெயிலைப் பிடித்துக்கொண்டிருக்கும் நாலு புளொக்கில் ஒன்று ஆடியது. உள்ளே குண்டுகள் கிறீஸ் காய்ந்து கறுத்துக் கிடந்தன. மரத்தூளும் துருவும் சேர்ந்த சேறு. பார்த்துக்கொண்டு நின்ற பொடியன் மெல்லச் சொன்னான்: "அண்ணன், ரெண்டு கிழமையா இந்தப் பக்கம் கறகற எண்டு சத்தம். நிப்பாட்டினா ஏசுவீங்க எண்டு சொல்லல்ல."

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை மச்சான்.

அந்தப் புளொக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், உன் லைனிலும் இதுதான் ஓடும். உள்ளே சின்ன உருக்குக் குண்டுகள் வரிசையாக உருண்டு வந்து, நுனியிலுள்ள மூடியில் திரும்பி, இன்னொரு துளை வழியே பின்னால் போய் மறுபடியும் சுமை தாங்க வருகின்றன. வழுக்கிப் போவதை உருண்டு போவதாக மாற்றியதால்தான் இவ்வளவு பாரம் இவ்வளவு இலகுவாக, தட்டாமல் நகர்கிறது. ஜப்பானில் ஹிரோஷி தெராமாச்சி 1971இல் தொடங்கிய டி.எச்.கே. கம்பனி 1972இல் எல்.எம். கைட் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. இன்று வெட்டும் மெசின், அச்சடிக்கும் மெசின், ஆஸ்பத்திரி ஸ்கேன் என்று எதைத் திறந்தாலும் இந்த மாதிரி றெயில் இருக்கும்.

இதன் ஆயுளுக்கு ஒரு கணக்கு உண்டு. குண்டு வைத்த றெயிலில் சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாகாது, எட்டில் ஒன்றாகும். சுமை என்றால் தலையின் பாரம் மட்டுமென்று நினைத்திருந்தேன். எங்கள் றெயிலைக் கழற்றிப் பார்த்தால், அடியில் பெயின்ற் திரண்டு ஓரிடம் மேடாக இருந்தது. எவ்வளவு நேரான றெயிலும் கீழே உள்ளதோடு இறுக்கினால் அதன் வளைவையே எடுத்துக்கொள்ளும். அந்த வளைவில் புளொக் ஓடும் ஒவ்வொரு முறையும், கண்ணுக்குத் தெரியாத ஒரு சுமை குண்டுகளை நெரித்திருக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிறோம், உப்புக் காற்றும் சேர்ந்துகொண்டது.

றெயிலுக்கு அடியிலுள்ள தளத்தை மட்டமாக்கும் வழி தேடியபோதுதான் ஜோசப் விட்வர்த் என்ற இங்கிலாந்துப் பொறியியலாளர் பற்றி வாசித்தேன். லண்டனில் ஹென்றி மோட்ஸ்லேயின் பட்டறையில் வேலை செய்தவர். உண்மையான தட்டைப் பரப்பை உண்டாக்கும் முறையை 1840இல் கிளாஸ்கோவில் அறிஞர்களின் கூட்டத்தில் விளக்கினார். இரண்டு தட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சுரண்டினால் போதாது. ஒன்று மேடாகவும் மற்றது அதற்கேற்ற பள்ளமாகவும் இருந்தாலும் இரண்டும் அச்சாகப் பொருந்தும், தட்டை என்றே நினைப்போம். மூன்றாவது தட்டு வேண்டும். மூன்றையும் மாறிமாறி ஒப்பிட்டால்தான் மேடும் பள்ளமும் ஒளிய இடமில்லை.

வாசித்தபோது நெஞ்சில் சுருக்கென்றது. நானும் ஓடாவியாரும் பொருந்தித்தான் போனோம். என் மேடு அவரின் பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டது. மூன்றாவது ஆளைக் கேட்கவே இல்லை. அவன்தான் நாள் முழுக்க மெசினோடு நிற்கிறவன்.

உன் வாப்பாவின் தறியை நினைத்துப் பார். நூல் அறுந்தால் அவருக்குக் கைக்குள் தெரிந்துவிடும், உடனே நிறுத்துவார். ஜப்பானில் சாகிச்சி டொயோடா நூல் அறுந்தால் தானே நிற்கும் தறியைச் செய்தார். அவருடைய ஜி வகைத் தானியங்கித் தறி வந்தது 1924இல், எங்கள் பழைய கல்லடிப் பாலம் திறந்த அதே வருசம். அந்தக் குடும்பம் பிறகு கார் செய்யத் தொடங்கியபோதும் அந்த எண்ணத்தை விடவில்லை. அவர்களின் ஆலையில் பிழை கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்துக் கூப்பிடலாம், தீராவிட்டால் லைனே நிற்கும். இழுத்தவனை ஏசுவதில்லை, உதவிக்கு ஆள் ஓடிவரும்.

பொடியனிடம் எல்லாருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். ஏசியது எல்லாருக்கும் முன்னால் அல்லவா. இப்போது மெசினை நிறுத்தும் சிவப்பு பட்டனை யாரும் அமுக்கலாம். முதல் நாலு நாள் ஒருவரும் அமுக்கவில்லை. ஐந்தாம் நாள் அவன்தான் அமுக்கினான். போய்ப் பார்த்தால் மெசினில் ஒன்றுமில்லை, ஆணியொன்று தட்டில் கிடந்து அதிர்ந்த சத்தம். "நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். ஓடாவியாருக்கு இன்னும் முகம் சரியில்லை, அரை மணித்தியாலம் போய்விட்டது என்கிறார். அவர் நாற்பது வருசமாக உளி பிடித்தவர், அவரையும் சேர்த்துக்கொண்டு போக வேண்டும். அதற்கு வழி இன்னும் தெரியவில்லை. உன் லைனிலும் இப்படி மூத்தவர்கள் இருப்பார்கள், நீ எப்படிச் சமாளிக்கிறாய் என்று எழுது.

பெயின்றைச் சுரண்டி மட்டம் பார்த்து, புதுப் புளொக் போட்டாயிற்று. தூளைக் காற்றடித்து ஊதுவதை நிறுத்திவிட்டோம், அது தூளைப் புளொக்குக்குள்ளேதான் தள்ளும். பின்னேரம் துணியால் துடைத்து, சனிக்கிழமைகளில் கிறீஸ் அடிக்கிறோம். அந்த வேலை பொடியனின் பொறுப்பு.

பெருநாளுக்கு வரும்போது மேடு பள்ளத்தை முள் காட்டி அளக்கும் நல்ல டயல் கேஜ் ஒன்று வாங்கி வா, காசு தருவேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த றெயிலை நுனியிலிருந்து நுனிவரை அளந்து பார்ப்போம். பொடியனும் பக்கத்தில் நிற்பான்.

அன்புடன்,
சிவா