நமது தமிழ் ஜைனர் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

பெரியோர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மகாவீரர் ஜெயந்தி, அட்சய திருதியை, பத்து நாள் நோன்பான தசலட்சண பருவம் மூன்றும் வழக்கம்போல நடந்தன. நம் கோயிலான ஜினாலயத்துச் சுற்றுச்சுவருக்கு வெள்ளையடித்தாயிற்று. செயற்குழுக் கூட்டங்கள் சில, போதிய பேர் சேராததால் தள்ளிப்போயின.

வெளிநாட்டு மாணவர்களுக்காகச் சங்கம் ஏன் செலவு செய்ய வேண்டும் என்று சிலர் கேட்டதாகக் காதில் விழுந்தது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் ஜைன சமயத்தைப் படிப்பதற்கென்றே கோடை விடுமுறையில் அமெரிக்கா, கனடா பல்கலைக்கழகங்களிலிருந்து மாணவர்கள் இந்தியா வருகிறார்கள். 2005-இல் தில்லியில் தொடங்கிய கோடைப்பள்ளி இதில் முக்கியமானது. உண்மைக்குப் பல பக்கம் உண்டு என்னும் அனேகாந்தம், கர்மக் கொள்கை என்று வகுப்புகள் நடக்கும். அப்புறம் கோயில்களுக்குப் போவார்கள், துறவியரைச் சந்திப்பார்கள். எல்லாம் பெரும்பாலும் வடக்கே. தமிழ்நாட்டு ஜைனர் என்றால் சென்னை சௌகார்பேட்டையில் இருக்கும் வடநாட்டு வணிகர்கள் என்றுதான் அவர்களில் பலர் நினைத்திருக்கிறார்கள். வந்தவாசி, திண்டிவனம் பக்கம் தமிழே பேசி, நிலத்தை உழுது, நயினார் என்ற பெயரோடு நாம் இருப்பது அவர்களுக்குத் தெரியவில்லை. அப்படிப் படிக்க வந்தவர்களில் சிலரைப் பயிற்சி முடிந்ததும் இங்கே வரச்சொல்லி நான்தான் கடிதம் எழுதினேன். வந்தார்கள்.

பொன்னூர் மலையில் ஜைன ஆசாரியர் குந்தகுந்தரின் பாதம், நம் மேல்சித்தாமூர் மடம், திருமலையில் 16 அடி நேமிநாதர் சிலை எல்லாம் பார்த்தார்கள். செஞ்சி அருகே திருநாதர்குன்றில்தான் அதிக நேரம் நின்றார்கள். நம் சமய அருகர்களான 24 தீர்த்தங்கரரின் உருவங்களும் ஒரே பாறையில் இருக்கின்றன. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டும் அங்கே உண்டு. இப்படி உண்ணாநோன்பிருந்து உயிர்விடும் சல்லேகனை பற்றி ஆய்வு செய்யும் மாணவி ஒருவர் அந்த எழுத்துகளை விரலால் தொட்டுக்கொண்டே, "இவரை இந்த ஊர்க்காரர்கள் இன்னும் நினைக்கிறார்களா?" என்று கேட்டார். உடன் வருவதாகச் சொன்ன பெரியவர்கள் யாரும் வரவில்லை. நான் ஒருவனே பதில் சொன்னேன்.

அன்று பொழுது சாய்வதற்குள் ஓர் உறுப்பினர் வீட்டில் இலை போட்டார்கள். சாப்பிட்டபின் அந்த வீட்டுப் பாட்டி, பரணிலிருந்து துணியில் சுற்றிய, தீர்த்தங்கரர் வரலாறு சொல்லும் ஸ்ரீபுராண ஏட்டை எடுத்துவரச் சொன்னார். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது. கிரந்த எழுத்து கற்றிருந்த ஒரு மாணவர் தட்டுத்தடுமாறி இரண்டு வரி வாசித்தார். பாட்டி எழுந்து கைகூப்பினார்.

சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்தபோது உ.வே.சாமிநாதையர் தம் ஐயங்களைக் கேட்டது கும்பகோணத்துச் சமணர்களிடம். 1887-இல் நூல் வெளிவந்தது. கேட்டால் சொல்ல அன்று நம்மிடம் ஆள் இருந்தார்கள். இன்று கடல் கடந்து வந்து கேட்கிறார்கள், சொல்ல ஆளில்லை. இந்த வேலையை நான் எடுத்ததற்குக் காரணம் இதுதான். இதில் எனக்குப் பெயர் வாங்கும் எண்ணம் கிடையாது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. விருந்தினர் செலவு அதற்குக் காரணமல்ல, அதில் பெரும்பகுதி நன்கொடையாக வந்துவிட்டது. உறுப்பினர்களில் பாதிப்பேருக்கு மேல் சந்தா கட்டவில்லை, சிலர் பல ஆண்டுகளாகவே. சென்னையிலும் பெங்களூரிலும் நல்ல நிலையில் இருப்பவர்கள் நினைவூட்டல் கடிதத்துக்கு ஒரு வரி பதிலாவது போடலாம்.

கோயிலில் பூசை செய்யும் உபாத்தியாயருக்கும், சமைத்துப் போட்ட தாய்மார்களுக்கும், வேன் கொடுத்தவருக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

அடுத்த கோடையில் வேறு சிலர் வர விரும்புகிறார்கள். அதற்குள் வீடுகளில் உள்ள ஏடுகளைக் கணக்கெடுத்துப் படமெடுத்து வைக்க வேண்டும். ஆங்கிலம் பேசத் தெரிந்த, ஸ்ரீபுராணமும் கொஞ்சம் தெரிந்த பிள்ளைகள் நாலைந்து பேர் வேண்டும். தங்க இரண்டு வீடாவது வேண்டும். இதெல்லாம் கிடைத்தால் நானே பொறுப்பேற்று நடத்தத் தயார். கிடைக்காவிட்டால் அவர்களுக்கு இப்போதே எழுதிவிடுவதுதான் மரியாதை. கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்