பிரதம அதிதி இல்லாத மாநாடு

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பின் நண்பர் சிவத்துக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பின் பொல்லுப் பிடிக்காமல் நடக்கத் தொடங்கிவிட்டீர் என்று அறிந்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கு நாங்களும் சுகமே. 2025 ஜூலையில், குடியை விட்டவர்களாகிய நம்முடைய ஏ.ஏ. (அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ், பெயர் வெளியிடாத குடிநோயாளர்) இயக்கத்தின் வன்கூவர் மாநாட்டில் நீர் கண்டவற்றை எழுதியிருந்த பக்கங்களை, உம்முடைய பெயரை விட்டுவிட்டு, எங்கள் குழுவில் வாசித்துக் காட்டினேன். நாடுநாடாகக் கொடிகள் அரங்கினுள் வந்த இடத்தை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார்கள். கொழும்பிலும் இப்படியொன்றைப் பெரிதாகவே நடத்தினால் என்ன என்று கடைசியில் கேட்டிருந்தீர். அந்தப் பேச்சு இங்கே முன்னரே தொடங்கிவிட்டது. ஆயத்தக் குழு ஒன்றும் கூடுகிறது, நானும் அதில் இருக்கிறேன். ஆனால் "பெரிதாக" என்ற இடத்தில் எனக்கு உம்மோடு உடன்பாடில்லை. ஏன் என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதப் பார்க்கிறேன்.

1950இல் கிளீவ்லாந்தில் நடந்த முதலாவது சர்வதேச மாநாட்டுக்கு ஏறத்தாழ 3,000 பேர் வந்தார்கள். நம் குழுக்களை வழிநடத்தும் பன்னிரண்டு மரபுகளும் முறைப்படி ஏற்கப்பட்டதும், இயக்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான, நோய் முற்றியிருந்த டொக்டர் பொப் நம்மவர்களின் பேரவை ஒன்றில் கடைசியாகப் பேசியதும் அங்கேதான். 1955இல் செயின்ட் லூயிஸில் அது ஏறத்தாழ 5,000 ஆயிற்று. 2015இல் அட்லாண்டாவில் 50,000ஐத் தாண்டியது. அந்த வரிசை மாநாடுகளுக்கு நியூயோர்க்கில் உள்ள நம் சேவைச் சபையினர் பல ஆண்டுகளுக்கு முன்பே நகரத்தைத் தெரிவுசெய்துவிடுகிறார்கள். 2030க்கு மீண்டும் செயின்ட் லூயிஸ். நாங்கள் நினைப்பது அதற்குப் போட்டியாக ஒன்றை அல்ல; அயல்நாட்டாரையும் கடல்கடந்து வாழும் நம்மவர்களையும் இங்கே அழைத்து, மூன்று மொழிகளில், மூன்று நாட்கள் கூடியிருப்பதை. அணிசேரா நாடுகளின் உச்சிமாநாடு 1976இல் நடந்த பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தின் பிரதான அரங்கில் ஏறத்தாழ 1,500 பேர் இருக்கலாம். அதற்கு மேல் போனால் உள்ளக விளையாட்டரங்கு ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். அங்கே மேடை முதல் உரைபெயர்ப்பாளர் இருக்கும் கூடு வரை எல்லாவற்றையும் வாடகைக்குக் கொண்டுவந்து பொருத்த வேண்டிவரும். என் எண்ணத்தில் 1,200 பேரே போதும்.

மண்டபத்தில் இடமில்லை என்பதற்காக இப்படிச் சொல்லவில்லை. பணம் எங்கிருந்து வருகிறது என்பதே எனக்குக் கேள்வி. வங்கி ஒன்றிடமும் தொலைபேசி நிறுவனம் ஒன்றிடமும் அனுசரணை கேட்கலாம் என்று ஆயத்தக் குழுவில் சிலர் சொல்கிறார்கள். இந்த நகரத்தில் இசை நிகழ்ச்சி முதல் பாடசாலைகளின் கிரிக்கெட் வரை அனுசரணையாளரின் பதாகை இல்லாமல் எதுவும் நடப்பதில்லை. ஆகவே அவர்கள் கேட்பதில் எனக்கு வியப்பில்லை. ஆனால் ஏழாவது மரபு வெளியார் பணத்தை ஏற்கவேண்டாம் என்கிறது, ஆறாவது மரபு நம்முடைய பெயரை எவருக்கும் இரவல் கொடுக்கவேண்டாம் என்கிறது. 1938இல் ரொக்கபெல்லரை நம்பிப் பெருந்தொகைக்குக் காத்திருந்த முன்னோர்களுக்கு அவர் கொடுத்தது 5,000 டொலர் மட்டுமே. பணம் இந்த முயற்சியைக் கெடுத்துவிடும் என்று அந்தச் செல்வந்தரே அஞ்சினார். கையை விரித்ததன் மூலம் அவர் செய்த உபகாரத்தை, கேட்காத வங்கியிடம் நாமாகப் போய் நின்று தொலைத்துவிடக் கூடாது என்று குழுவில் சற்றுக் காரமாகவே சொன்னேன்.

அனுசரணை இல்லையென்றால் பதிவுக் கட்டணமும் கூட்டங்களில் காசு சேர்க்கச் சுற்றும் தொப்பியும்தான் மிச்சம். இங்கேதான் சிக்கல். நீர் அங்கிருந்து 100 டொலரை யோசிக்காமல் கட்டிவிடுவீர். அமெரிக்க டொலர் 300 ரூபாயைச் சுற்றி நிற்கும்போது அது இங்கே 30,000 ரூபாய். தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 2024இல் 1,350 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்தக் கணக்கில் பார்த்தால் ஹற்றன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் ஒருவருக்கு அது இருபத்திரண்டு நாள் கூலி. அவருக்குக் கட்டணத்தை முழுவதும் தள்ளுபடி செய்யலாம் என்றபோது எங்கள் மலையக உறுப்பினர் ஒருவர் மறுத்துவிட்டார். சிறு தொகையாயினும் அவரே கட்டட்டும், இலவசமாக வந்தவர் என்று தனியாக நிற்க வைக்காதீர்கள் என்றார். ஆகவே வெளிநாட்டாருக்கு ஒரு கட்டணம், உள்ளூராருக்கு வேறொன்று, பெயர் அட்டையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் பார்த்துக்கொள்வது என்று தீர்மானித்திருக்கிறோம். ஹோட்டல்களோடு டொலரிலா ரூபாயிலா ஒப்பந்தம் என்பது இன்னும் முடிவாகவில்லை. 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து 360க்குப் போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். 2020இல் டெட்ரோயிட் மாநாடு கொரோனாவால் கைவிடப்பட்டதையும் மறக்கவில்லை. எந்த நிலையில் முற்பணம் திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்காமல் ஒரு சதமும் கொடுப்பதில்லை என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே வாய்.

அடுத்த வில்லங்கம் பிரதம அதிதி. நம்முடைய ஊரில் ஒரு வாசிகசாலைத் திறப்புக்கும் பிரதம அதிதி உண்டு, சிறப்பு அதிதி உண்டு, கௌரவ அதிதி உண்டு. மங்கல விளக்கேற்றல், பொன்னாடை, பிறகு பத்திரிகையில் படம். சுகாதார அமைச்சரை அழைத்தால் விசாவும் மண்டபமும் சுலபமாகும் என்று ஒருவர் சொன்னார். ஆகலாம். ஆனால் மேடையில் அமைச்சர் பேசும்போது கமராக்கள் அவரோடு நின்றுவிடா. முதல் வரிசையில் இருக்கும் ஆசிரியரும் வங்கி ஊழியரும் மறுநாள் பத்திரிகையில் இருப்பார்கள். கண்டியிலிருந்து வரும் ஒரு பெண்மணி தம் கணவரின் குடும்பத்துக்கு இன்றுவரை சொல்லவில்லை. அவர் வரமாட்டாரென்றால் அந்த மாநாடு எனக்கு வேண்டாம். வைத்தியர்களை அழைப்பது வேறு. 1955இலேயே வைத்தியரும் மதகுருமாரும் நம்முடைய மேடையில் பேசினார்கள், அவர்கள் உறுப்பினர் அல்லாதபடியால் பெயரையும் மறைக்க வேண்டியதில்லை. பத்திரிகையாளருக்கு ஓர் அமர்வைத் திறந்துவிடலாம், முகமும் முழுப்பெயரும் வராது என்ற உடன்பாட்டோடு. விமான நிலையத்தில் ஏ.ஏ. என்று எழுதிய மட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது, ஒரு நிறக் கொடி போதும். ஹோட்டல் வரவேற்பறைத் திரையில் என்ன பெயர் ஓடவேண்டும் என்பதைக்கூட எழுதிக் கொடுக்கப் போகிறோம்.

திகதி விஷயத்தில் ஒரு வேடிக்கை. போயா என்ற பௌர்ணமி தினத்தில் நாடு முழுவதும் மதுக்கடைகள் பூட்டு. ஆகவே போயாவை ஒட்டிய வார இறுதியே நமக்கு வாய்ப்பானது என்று ஒருவர் முன்மொழிய, எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு நாட்காட்டியை விரித்தால் மே மாதத்தில் வெசாக், கூடவே தென்மேற்குப் பருவமழை. பெப்ரவரியில் நவம் போயா, கங்காராம விகாரையின் பெரஹெரா ஊர்வலம். வீதிகள் மூடப்படும், அறை கிடைப்பது கடினம். ஜனவரியில் தைப்பொங்கலுக்கு நம்மவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். மார்ச் மாதம் மிஞ்சியிருக்கிறது, புழுக்கம் கூடினாலும். கடை பூட்டியிருப்பதை நம்பிக் குடிக்காமல் இருப்பவர்கள் அல்லவே நாம் என்று மூத்தவர் ஒருவர் முணுமுணுத்ததையும் இங்கே பதிவு செய்கிறேன்.

எனக்கு உண்மையில் கவலை தருவது இரவு. பழக்கமில்லாத நகரம், நேர மாற்றத்தால் வராத தூக்கம், அறையில் குளிர்பெட்டி நிறையப் போத்தல்கள், காலி வீதியில் வெளிச்சத்தோடு மதுக்கூடங்கள். பகல் முழுவதும் ஆயிரம் பேரோடு கைகோத்து நின்றவர் இரவு இரண்டு மணிக்குத் தனியாள். அறைகளின் குளிர்பெட்டியிலிருந்து மதுவை முன்கூட்டியே எடுத்துவிடும்படி ஹோட்டல்களைக் கேட்கிறோம். அதைவிட அவசியம், மூன்று இரவும் விடியவிடியக் கூட்டம் நடக்கும் ஓர் அறை. மாநாட்டு மண்டபத்தை இரவில் பூட்டிவிடுவார்கள், ஆகவே பம்பலப்பிட்டியில் தேவாலயத்தோடு சேர்ந்த மண்டபம் ஒன்றைக் கேட்டிருக்கிறோம். இலவசமாகத் தருகிறோம் என்றார்கள், வாடகை வாங்கிக்கொள்ளச் சொன்னோம். யாராவது எங்காவது உதவிக்குக் கை நீட்டினால் அங்கே நம்முடைய கை இருக்கவேண்டும் என்ற பொறுப்புறுதி 1965இல் உம்முடைய ரொறன்ரோவில்தான் எழுந்தது. அதன்படி தேநீர்க் கேத்தலோடு இருவர் இருவராக முறைபோட்டு விழித்திருக்க ஆட்கள் வேண்டும். கல்யாண வீட்டில் பந்தி பரிமாற ஆயிரம் பேர் வருவார்கள், விடியற்காலையில் அண்டா கழுவ ஆள் இராது. எங்கள் தொண்டர் பட்டியலும் இப்போது அப்படித்தான் இருக்கிறது.

இதில்தான் உம்முடைய உதவி தேவை. வன்கூவரில் தொண்டர்களை எப்படிப் பிரித்தார்கள், ஒருவருக்கு எத்தனை மணித்தியாலம், இரவு முறைக்கு எத்தனை ஆண்டுகள் குடிக்காமல் இருந்தவர்களை வைத்தார்கள் என்பதை அங்கே தொண்டு செய்த உம்முடைய நண்பர்களிடம் விசாரித்து எழுதும். உரைபெயர்ப்புக்கான காதுக்கருவிகளை வாங்கினார்களா, வாடகைக்கு எடுத்தார்களா என்பதையும் கேளும். மாத முடிவில் ஆயத்தக் குழு மீண்டும் கூடுகிறது. அதற்கு முன் பதில் வந்தால் நல்லது. இவ்வளவும் வாசித்த பிறகும் 5,000 பேர் வேண்டும் என்றே நீர் நினைத்தால் காரணங்களோடு எழுதும், அதையும் குழுவில் வாசிப்பேன். வீட்டாருக்கு என் அன்பைச் சொல்லும்.

அன்புடன்,
ந.