வீட்டுப் பெரியவர்களுக்கு எழுத்தறிவு வகுப்பு

அனைவருக்கும் வணக்கம்.

செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாள். அன்று மாலை 6.30 மணிக்கு நம் பள்ளத்தூர் பள்ளியில் பெரியவர்களுக்கான வகுப்பு தொடங்குகிறது. புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் 15 வயதுக்கு மேற்பட்டோர் சேரலாம். கட்டணம் இல்லை.

மதிப்பெண் அட்டையில் கைநாட்டு வைக்கும் அம்மாக்களும், காரைக்குடி பஸ்ஸின் போர்டைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அப்பத்தாக்களும் நம்மிடையே இருக்கிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் வந்தபோது, கல்குவாரியில் வேலை செய்த பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். நம் வீட்டுப் பெண்களாலும் முடியும்.

செய்ய வேண்டியவை:

1. சேர விரும்புவோர் பெயரை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். தயங்குபவர்களிடம் நீங்களே பேசிப் பாருங்கள்.
2. ஆதார் நகல், நோட்டு, பென்சில். கண்ணாடி போடுபவர்கள் மறக்காமல் எடுத்து வரவும்.
3. பிள்ளைகளையும் கூட்டி வரலாம். இரவு பத்து நிமிடம் பாடப் புத்தகத்தை ஆச்சிக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், அப்புறம் ஆச்சியை எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லுங்கள். இருவருக்கும் படிப்பு வரும்.
4. சொல்லிக்கொடுக்கத் தன்னார்வலர்கள் வேண்டும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் சொல்லுங்கள்.

வருபவர்கள் ‘சரி’ என்றும், கற்றுத்தர முன்வருபவர்கள் பெயரோடும் இங்கேயே பதில் போடுங்கள்.